ஊழலும் நம்ம ஓட்டும்

"எல்லாரும் திருடங்கதாம்ப்பா, யார் வந்தா என்ன?" கேன்டீன் பெஞ்சிலும் சரி, ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலும் சரி, அரசியல் பேச்சு இந்த ஒரு வரியில்தான் முடிகிறது. நண்பர்களே, இது உண்மைதானா? ஊழல் புகார் வந்தால் தேசியத் தலைவர்கள் சாய்கிறார்களா, இல்லையா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிப்ளமா படிக்கிற நமக்குக் கணக்கா பஞ்சம்!

முதலில் போபர்ஸ். 1984 டிசம்பர் தேர்தலில் ராஜீவ் காந்தியின் காங்கிரஸ் 404 இடங்களைப் பிடித்தது. 1986-ல் ஸ்வீடனின் போபர்ஸ் கம்பெனியிடம் 410 பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் ஆனது. அதில் கமிஷன் கைமாறியது என்று 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி சொன்னதும் நாடே கொதித்தது. 1989 தேர்தலில் காங்கிரஸ் 197 இடங்களோடு ஆட்சியை இழந்தது. ஓட்டு வயதை 21-லிருந்து 18 ஆக்கியதே ராஜீவ் அரசுதான். அந்த 18 வயதுக்காரர்கள் ஓட்டுப்போட்ட முதல் பொதுத்தேர்தல் அது!

"பாத்தியா, ஊழல்தான் கவுத்துச்சு" என்று அவசரப்பட வேண்டாம். நூற்றுக்கு ஒன்பது ஓட்டு போலத்தான் குறைந்தது. இடங்கள் பாதிக்கும் மேல் போனதற்கு, வடக்கில் எதிர்க்கட்சிகள் தொகுதி உடன்பாடு செய்துகொண்டதும் ஒரு காரணம். அதே தேர்தலில் நம் தமிழ்நாடு என்ன செய்தது? 39-ல் 38 இடங்களை காங்கிரஸ்–அ.தி.மு.க. கூட்டணிக்கே அள்ளிக் கொடுத்தது. வேலூரும் அந்த 38-ல் ஒன்று. இங்கே பேசியது பீரங்கி அல்ல, கூட்டணி.

அடுத்து 2019. ரஃபேல் விமானக் கொள்முதல் பற்றிப் புகார் கிளம்பியது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விசாரணை தேவையில்லை என்று சொன்ன பிறகும் பிரச்சாரம் ஓயவில்லை. ஆனால் மோடியின் பா.ஜ.க. 282-லிருந்து 303-க்கு ஏறியது. ஆயுதம் வாங்கியதில் புகார் என்பது இரண்டிலும் ஒன்றுதான், முடிவு நேர் எதிர்.

ஏன் அப்படி? தூரத்து ஊழல் செய்தி. கண்ணெதிரே நடப்பது கோபம். மாநிலத் தலைவர்தான் என்றாலும் ஜெயலலிதாவைப் பாருங்கள். 1995-ல் வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரத்தை ஊரே பார்த்தது. 1996-ல் அ.தி.மு.க.வுக்கு நான்கே இடம். வாணியம்பாடியைத் தாண்டினால் வரும் பர்கூரில் அவரே தோற்றார். ஐந்தே வருடத்தில், 2001-ல், அதே கட்சி மறுபடி ஆட்சியைப் பிடித்தது. கோபத்துக்கும் ஆயுசு குறைவு.

கோர்ட்டு தீர்ப்பு வரட்டும் என்று இருந்தாலும் கதை நடக்காது. ராஜீவ் மீதான லஞ்சக் குற்றச்சாட்டை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளியது 2004-ல். அவர் 1991-லேயே ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டுவிட்டார். தீர்ப்பு வருவதற்குள் நாடு பல தேர்தல்களைப் பார்த்துவிட்டது.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 2019-ல் வேலூர் தொகுதித் தேர்தல், ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 16 அன்று ரத்தானது. பிடிபட்ட ரொக்கம் 11 கோடி ரூபாய்க்கு மேல். தி.மு.க. வேட்பாளர் தரப்போடு சம்பந்தப்பட்டது என்று அதிகாரிகள் சொன்னார்கள். பழிவாங்கும் நடவடிக்கை என்று அந்தத் தரப்பு மறுத்தது. பணத்துக்காக ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது இந்தியாவிலேயே அதுதான் முதல் முறை. ஷூவுக்குப் பேர்போன ஊருக்கு இப்படியும் ஒரு பேர்!

ஆகஸ்ட் 5-ல் தேர்தல் நடந்தது. அதே தி.மு.க. வேட்பாளர் கதிர் ஆனந்த் ஜெயித்தார், 8,141 ஓட்டில். பக்கத்து அரக்கோணத்திலும் திருவண்ணாமலையிலும் அதே கட்சி மூன்று லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது. ரொக்கம் பிடிபட்டதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. எதிரே நின்ற ஏ.சி.சண்முகமும் பலமான ஆள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வித்தியாசத்தைவிட நோட்டாவுக்கு விழுந்த ஓட்டு அதிகம்! "யார் வந்தா என்ன" என்றவர்கள் நினைத்திருந்தால் முடிவையே மாற்றியிருக்கலாம்.

டெல்லியில் கைமாறினால் ஊழல்; நம் தெருவில் கவரில் வந்தால் "செலவுக் காசு". இந்த இரட்டை அளவுகோல்தான் தலைவர்களைக் காப்பாற்றுகிறது. கவர் வாங்கிய கை, கேள்வி கேட்க நீளுமா?

தோலின் தழும்பை ஃபினிஷிங் பூச்சு மறைத்துவிடும். விவரம் தெரிந்தவர் அதை மடித்துப் பார்ப்பார். வெடிப்பு இருந்தால் தெரிந்துவிடும். தலைவர்களையும் அப்படிப் பாருங்கள். புகாருக்கு நேராகப் பதில் சொன்னாரா, மழுப்பினாரா? விசாரணைக்கு வழிவிட்டாரா, முட்டுக்கட்டை போட்டாரா? எல்லாரும் ஒண்ணு இல்லை நண்பர்களே! ஒண்ணுன்னு நாம் சொல்லச் சொல்ல, திருடனுக்குத்தான் லாபம். அடுத்த தடவை கவர் வந்தால் கதவைச் சாத்துங்கள். அப்புறம் தைரியமாகக் கேள்வி கேளுங்கள்!