கண் நன்றாக இருந்தும் பார்வை இல்லாமல் போகுமா?

பிள்ளைக்கு மாறுகண் இருந்தால், “அதிர்ஷ்டக் கண்” என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. “வளர வளரத் தானே நேராகிவிடும்” என்று ஆறுதல் கூறுவோரும் உண்டு. இந்தப் பேச்சை நம்பிக் காத்திருந்தால் பிள்ளை எதை இழக்கக்கூடும் என்பதை உலகுக்கு விளக்கியவர்கள் இரண்டு மூளை ஆராய்ச்சியாளர்கள்.

ஒருவர் டேவிட் ஹியூபல். 1926-இல் கனடாவில் பிறந்தவர். மற்றவர் தார்ஸ்டன் வீசல். 1924-இல் சுவீடனில் பிறந்தவர். இருவரும் மருத்துவம் படித்தவர்கள். 1958-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஸ்டீபன் கஃப்ளர் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் கூட்டுச் சேர்ந்தார்கள். மறு ஆண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு மாறினார்கள். அவர்களுடைய கூட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

கண் என்பது வெளிச்சத்தை வாங்கி அனுப்பும் வாசல்தான். அங்கிருந்து நரம்பு வழியே போகும் செய்தியைத் தலையின் பின்பக்கத்தில் உள்ள மூளைப் பகுதி வாங்கிப் பிரித்தறிந்த பிறகே நாம் ‘பார்க்கிறோம்’. அந்தப் பகுதி எப்படி வேலை செய்கிறது என்பதே இவர்களின் கேள்வி.

மயக்க மருந்து கொடுத்த பூனையின் மூளையில் முடியைவிட நுண்ணிய கம்பி ஒன்றைச் செருகி, அதை ஒலிபெருக்கியோடு இணைத்தார்கள். மூளையின் உயிரணு ஒன்று வேலை செய்தால் ‘டப்’ என்று ஓசை கேட்கும். கண்ணாடித் தகட்டில் கறுப்புப் புள்ளி வைத்துப் பூனையின் கண்முன் காட்டினார்கள். மணிக்கணக்கில் காட்டியும் பலன் இல்லை. ஒரு தடவை தகட்டைச் செருகும்போது திடீரென்று ‘டபடப’வென ஓசை பொழிந்தது. காரணம் புள்ளி அல்ல. நகர்ந்த தகட்டின் விளிம்பு போட்ட மெல்லிய நிழற்கோடு! அந்த மூளைப் பகுதியின் உயிரணுக்களில் பல, ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சாய்வில் உள்ள கோட்டுக்கே விழித்துக்கொள்கின்றன என்று தெரிந்தது.

அடுத்து நடந்ததே நம் பிள்ளைகளுக்கு முக்கியமானது. பிறவிக் கண்புரையோடு பிறந்த குழந்தைக்குச் சில வயது கழித்து அறுவை செய்தால், கண் தெளிந்தும் பார்வை சரியாக வருவதில்லை. இது மருத்துவர்களுக்குப் புதிராக இருந்தது. இருவரும் பூனைக்குட்டியின் ஒரு கண் இமையை முதல் மூன்று மாதம் தைத்து மூடிவைத்துப் பிறகு திறந்தார்கள். கண்ணில் பழுது இல்லை. ஆனால் மூளை அந்தக் கண்ணின் செய்தியை ஏற்கவில்லை. அந்தக் கண்ணால் குட்டிக்குப் பார்க்கத் தெரியவில்லை. வளர்ந்த பூனையின் கண்ணை அதைவிட நீண்ட காலம் மூடினாலும் அந்தக் கேடு வரவில்லை. வாயில்லா ஜீவனுக்கு இப்படிச் செய்யலாமா என்று வருந்தியவர்களும் உண்டு. ஆனால் அதில் கிடைத்த அறிவு பல குழந்தைகளின் கண்ணைக் காத்திருக்கிறது.

லயத்தின் பின்புறத்தில் நாம் கொத்தாமல் விட்ட பாத்தியைப் பக்கத்து வீட்டார் கொத்திப் பயிர் வைத்துவிடுவதில்லையா? அதுபோல, மூடிய கண்ணுக்கு உரிய இடத்தைத் திறந்த கண் எடுத்துக்கொண்டது. இந்த ஆராய்ச்சிகளுக்காக 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹியூபல் 2013-இல் மறைந்தார்.

மாறுகண் பிள்ளைக்கும் இதுவே நேர்கிறது. இரண்டு கண்ணும் வெவ்வேறு பக்கம் பார்த்தால், மூளை ஒன்றின் செய்தியை ஒதுக்கிவிடும். அதுவே ‘சோம்பல் கண்’. வெளியே மாறுகண் தெரியாமலும் இது வரலாம். ஒரு கண்ணால் நன்றாகத் தெரிவதால் பிள்ளை குறை சொல்லாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை இவை. பிறந்த சில மாதம் கண் அவ்வப்போது ஒதுங்குவது இயல்பு. நான்கு மாதத்துக்குப் பிறகும் ஒதுங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடும்போது பேசாமல் இருக்கும் பிள்ளை, மற்றதை மூடும்போது மட்டும் அழுதாலும் காட்டுங்கள். கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

சிகிச்சை பெரும்பாலும் எளியது: மூக்குக்கண்ணாடி; தேவைப்பட்டால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி, சோம்பல் கண்ணை வேலை வாங்குவது. பிள்ளை அழும்; ஒட்டியதைப் பிய்த்து எறியும். “பாவம், விட்டுவிடு” என்று பாட்டி சொல்வார். விட்டுவிடாதீர்கள். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடமும் சொல்லி வையுங்கள்.

ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அதன் பிறகும் ஓரளவு பலன் உண்டு. ஆனால் நாள் போகப் போக மூளை பிடிவாதமாகிவிடும். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும், பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். சம்பளத்தை அடுத்த மாதம் ஈடுகட்டலாம். போன பருவத்தை ஈடுகட்ட முடியாது.