ஆமை புகுந்த வீடு

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு பங்கிலிருந்து தாய் ஒருவர் நமக்கு விடுத்த கடிதத்தைப் படித்தபோது, இப்பழமொழியைச் சற்றே மாற்றிச் சொல்லத் தோன்றியது. உருப்படாமற் போவது வீடன்று. வீடு புகுந்த அந்த ஆமையே.

கடிதத்தின் சாரம் இது. அவருடைய கொழுந்தனார் பிழைப்புக்காக அயலூர் சென்றபோது, தாம் வளர்த்து வந்த நட்சத்திர ஆமையை இவர்கள் வீட்டில் விட்டுச் சென்றார். வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என எவரோ கூற, எவரிடமோ விலை கொடுத்து வாங்கியதாம். ஓராண்டாக அது அடுப்பங்கரை மூலையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் கிடந்தது. சோறு, ரொட்டித் துண்டு, எப்போதாவது வாழைப்பழம் என்பனவே உணவு. தோட்ட வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் இடையே அதைக் கவனிக்க எவருக்கும் பொழுதில்லை. இப்போது கண்கள் ஒட்டிக்கொண்டன, தின்பதில்லை, பின்னங்கால்களை இழுத்து இழுத்து நகர்கிறது, ஓட்டின் விளிம்பை விரலால் அழுத்தினால் வளைகிறது. கிணற்றில் போட்டுவிடச் சொல்கின்றனர் அண்டை வீட்டார். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகனோ அதை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறான். "கிணற்றில் விடலாமா? பிழைக்குமா? பிழைத்தால் எங்களோடே வைத்துக்கொள்ளலாமா?" எனக் கேட்கிறார் அத்தாய்.

அவருக்கு உடனே அஞ்சலில் மறுமொழி எழுதினோம். இத்தகைய ஆமைகள் வேறு பல இல்லங்களின் மூலைகளிலும் கிடக்கின்றன என்பதை அறிவோமாதலால், அதையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறோம்.

கிணற்றில் விடவே கூடாது. கிணற்று நீரைத் தூய்மைப்படுத்தும் என்று நம் பக்கத்தில் ஆமையை விடும் வழக்கம் உண்டு. அது நீரில் வாழும் வேறு இனம். அதன் விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. ஓடு தட்டையாக இருக்கும். நட்சத்திர ஆமையோ தரையில் வாழ்வது. ஓடு கூரைபோல் உயர்ந்தும், கால்கள் யானைக் கால்போல் உருண்டும் இருக்கும். அதற்கு நீந்தத் தெரியாது. கிணற்றிலோ, குளத்திலோ, முல்லையாற்றிலோ போட்டால் மூழ்கிச் சாகும். இரக்கத்தின் பெயரால் நடைபெறும் கொலை அது.

இவ்வினம் தமிழகம், ஆந்திரம், கருநாடகம், குசராத்து, இராசத்தான் முதலிய இடங்களின் வறண்ட புதர்க்காடுகளிலும் இலங்கையிலும் வாழ்கிறது. புல், பூ, உதிர்ந்த கனி, சதைப்பற்றுள்ள செடிகள் ஆகியவற்றை மேயும். காலையிலும் மாலையிலும் நடமாடி, உச்சி வெயிலில் புதரடியில் ஒதுங்கும். மழைக்காலத்தில்தான் இதற்குச் சுறுசுறுப்பு. அங்கேரி நாட்டுக் கணித அறிஞர் இருவர் 2008-இல் ஆமை ஓடுகளின் வடிவத்தை ஆராய்ந்து, புரட்டிப் போட்டாலும் தானே உருண்டு எழுவதற்கு மிக ஏற்ற வடிவம் கொண்டவற்றுள் இந்திய நட்சத்திர ஆமையும் ஒன்று எனக் கண்டனர். அப்படிப்பட்ட பிராணியை வழுக்கும் தொட்டிக்குள் இட்டுச் சோறு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அச்சகோதரியின் கடிதமே சான்று.

நோய் யாதெனில், எலும்புத் தளர்ச்சி. ஆமையின் ஓடு மேலே போர்த்திய மூடியன்று. விலா எலும்புகளும் முதுகெலும்பும் இணைந்து ஆன உயிருள்ள எலும்பு. தொட்டால் அதற்கு உணர்வு உண்டு. (ஓட்டில் துளையிட்டுக் கயிறு கட்டுவோர் இதை நினைவில் கொள்ளட்டும். அது நம் பல்லில் துளையிடுவதற்கு ஒப்பாகும்.) எலும்பு உறுதிப்படச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் 'டி' வேண்டும், அவ்வைட்டமின் தோலில் உருவாக நேரடிச் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் வேண்டும். அடுப்பங்கரையில் அக்கதிர் ஏது? சன்னல் கண்ணாடி வழியே விழும் வெயிலும் பயன்படாது. கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். சோற்றிலும் ரொட்டியிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஆகவே இரத்தத்திற்குத் தேவையான சுண்ணாம்பை உடல் தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கிறது. ஓடு மெத்தென ஆகிறது, கால் துவள்கிறது. மேலை நாடுகளில் சிறுத்தைப் பல்லி என்றொரு பல்லியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்க்கின்றனர். அங்கும் கவனிப்பாரற்ற பல்லிக்கு வருவது பெரும்பாலும் இதே நோய்தான். தாடை இரப்பர்போல் வளைந்து, இரையைக் கவ்வ இயலாமற் போகும். நம் வீட்டுச் சுவர்ப் பல்லி அடைபட்டு வாழாததால் அத்துன்பத்தினின்று தப்பியது.

பிழைக்குமா? பல பிழைக்கின்றன. ஆனால் முதலில் தேவை உணவன்று, நீர். பல நாள் தின்னாத ஆமையின் உடல் வற்றிப் போயிருக்கும். அகன்ற தட்டில் கைக்கு இளஞ்சூடாகத் தோன்றும் நீரை அதன் தாடை அளவுக்குக் குறைவாக ஊற்றி, பதினைந்து இருபது நிமிடம் அதில் நிற்க விடவேண்டும். தலை நீருக்கு மேலே இருக்கிறதா என ஒருவர் அருகிலேயே இருந்து பார்க்க வேண்டும். அது குடிக்கும், வெண்மையான மாவுபோன்ற கழிவை வெளியேற்றும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒட்டிய கண்களை ஆறவைத்த வெந்நீரில் நனைத்த பஞ்சால் மெல்ல ஒற்றி எடுக்கலாம்; விரலால் பிரிக்கக் கூடாது.

பிறகு வெயில். காலை இளவெயிலில் அரைமணி நேரம், பாதி நிழல் உள்ள இடத்தில் விடுக. நிழலில்லா வெயில் ஒரு மணியில் ஆமையைக் கொன்றுவிடும். காகமும் நாயும் அணுகாதபடி ஆள் இருத்தல் வேண்டும். இரவில் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி படாமல், அட்டைப் பெட்டியில் வைக்கோலோ பழைய துணியோ இட்டு வைக்கலாம்.

நீர் உள்ளே சென்றபின் தானாகவே உண்ண விழையும். அறுகம்புல், முருங்கை இலை, முசுக்கொட்டை இலை, செம்பருத்தியின் இலையும் பூவும் நன்று. முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலை விரும்பித் தின்னும். அதில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் மீனின் ஓட்டைத் தருவர். அதைச் சுரண்டி இலைமேல் ஒரு சிட்டிகை தூவலாம். பசலைக் கீரையை மட்டும் தவிர்க்க. அதிலுள்ள ஒரு புளிப்புப் பொருள் சுண்ணாம்பைக் கட்டிப் போட்டுவிடும். பால், தயிர், சோறு, ரொட்டி, இறைச்சி ஒன்றும் ஆகா. வாயைத் திறந்து திணிக்கவும் வேண்டாம்.

நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பன்னீர்த் திராட்சையைத் தமிழகத்திற்கு 1832-இல் கொண்டுவந்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் என்பர். கம்பம் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. பெருமைதான். ஆயினும் மயில்துத்தமும் பூச்சி மருந்தும் தெளித்த கொடியின் இலையையோ, அப்பந்தலின் அடியில் முளைத்த புல்லையோ ஆமைக்குப் பறித்துப் போடாதீர்கள்.

மருந்து விடயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். ஆடு மாடுகளுக்கும் நாய்க்கும் நாம் கொடுக்கும் 'ஐவர்மெக்டின்' என்னும் பூச்சி மருந்து ஆமைக்கு நஞ்சு. துளியளவும் கூடாது. மூக்கில் குமிழி வந்தாலும், வாயைப் பிளந்து மூச்சு விட்டாலும் அது நுரையீரல் நோயாக இருக்கலாம். ஒருநாளும் தாமதம் கூடாது. ஊசியும் வைட்டமினும் மருத்துவர் அளந்து கொடுக்க வேண்டியவை. வைட்டமின் மிகுந்தாலும் கேடு. அரசு கால்நடை மருத்துவமனைகளைத் தவிர, 2020 முதல் தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. ஆமையைத் தொட்ட கையைச் சவுக்காரம் இட்டுக் கழுவ வேண்டும்; வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி அதன் உடலில் இருக்கக் கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொட விட வேண்டாம்.

இனி மூன்றாம் வினா. வைத்துக்கொள்ளலாமா? கூடாது. இதை எழுத நமக்கே மனம் கனக்கிறது. மடியில் வைத்து அழும் அச்சிறுவனை நினைத்துத்தான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதைத் தடை செய்கிறது. 2022-இல் செய்த திருத்தம் அதை முதல் அட்டவணையில், புலியும் யானையும் உள்ள அதே அட்டவணையில், சேர்த்துவிட்டது. வனவிலங்கு கைக்கு வந்தால் 48 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அலுவலரிடமோ அறிவித்து, கேட்டால் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஆமைக்குப் பின்னால் அமீனாவும் வருவான் என்று முன்னோர் அறிந்துதான் சொன்னார்களோ என்னவோ!

இத்தடை வீண் கெடுபிடியன்று. செல்வம் சேரும் என்ற பேச்சுக்காகவும், அயல்நாட்டார் விளையாட்டுக்காகவும் இவ்வாமைகளைச் சாக்கிலும் பெட்டியிலும் அடைத்துக் கடத்துகின்றனர். சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டுள்ளன. 2019-இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் காட்டிலிருந்து பிடித்த நட்சத்திர ஆமைகளின் பன்னாட்டு வாணிகத்தைத் தடை செய்தன. ஒரு கொழுந்தனார் ஒன்றை வாங்கினால், பிடிப்பவன் இன்னொன்றைத் தேடிப் புதருக்குள் போகிறான். செல்வம் சேரும் என்ற நம்பிக்கை நம் கிறிஸ்தவ இல்லங்களிலும் நுழைந்திருப்பது வருந்தத்தக்கது. ஒவ்வோர் உயிரும் மனிதனுக்குப் பயன்படுவதால் மட்டுமன்றி, தன்னளவிலேயே மதிப்புடையது எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் விளக்கியிருப்பதைப் பங்குகளில் இன்னும் ஒருமுறை வாசித்தால் நன்று.

அச்சகோதரியின் வீட்டில் 48 மணி நேரம் என்றோ கடந்துவிட்டது. அதற்காக அஞ்சி மறைப்பது தவற்றைப் பெருக்கும். உள்ளது உள்ளபடி சொல்லி, பங்குப் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு கம்பத்திலோ அருகிலோ உள்ள வனச்சரக அலுவலகத்திற்குத் தாமாகவே சென்று ஒப்படைப்பதே நேர்மை. மேற்சொன்ன நீரும் வெயிலும் இலையும் அந்த ஓரிரு நாளுக்கான முதலுதவி மட்டுமே. ஓடு இறுக மாதக்கணக்கில் ஆகும். அதைத் தொடர்ந்து செய்ய உரியவர் வேறு. குணமானதும் நாமே அருகிலுள்ள கரட்டில் விட்டுவிடலாமே எனச் சிலர் கேட்பர். அதுவும் ஆகாது. வீட்டில் வளர்ந்த ஆமை தன்னோடு நோயைக் கொண்டு சென்று காட்டு ஆமைகளுக்கும் தந்துவிடும். சிங்கப்பூரில் சட்டத்திற்குப் புறம்பாக வளர்க்கப்பட்டு மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் 2018 நவம்பரில் விமானத்தில் பெங்களூருக்குத் திரும்பின. அவற்றைக்கூட நேரே காட்டில் விடவில்லை. தனியே வைத்துக் கண்காணிக்கவே முதலில் ஏற்பாடு செய்தனர்.

சிறுவனுக்குப் பொய் சொல்லி, அவன் பள்ளி சென்ற நேரத்தில் ஆமையை அகற்ற வேண்டாம் என அத்தாய்க்குத் தனியே எழுதினோம். அவனையும் அழைத்துச் செல்லுங்கள். அவனுக்கு ஒரு வேலையும் உண்டு. ஒரு தாளில் இவற்றை அவன் கையாலேயே எழுதி, ஆமையோடு அலுவலரிடம் கொடுக்கட்டும்: எந்த மாதம் வீட்டுக்கு வந்தது, என்ன தின்றது, எந்நாளிலிருந்து தின்னவில்லை, எத்தனை முறை நீரில் நின்றது, என்ன மருந்து கொடுத்தோம் அல்லது கொடுக்கவில்லை. மருத்துவர் முதலில் கேட்கப் போவது இவற்றையே.