கோணலாய் விழுந்தாலும் அது குழந்தையின் கை

மே மாதம் நெருங்கினாலே தாஸ்காக்களிலும் பாலர் பள்ளிகளிலும் சாய டப்பாக்கள் வெளியே வந்துவிடும். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அன்னையர் தினம், 16ஆம் தேதி ஆசிரியர் தினம், ஜூன் மூன்றாவது ஞாயிறு தந்தையர் தினம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்த்து அட்டை, ஒவ்வோர் அட்டையிலும் ஒரு குட்டிக் கை. உள்ளங்கை பூவாகும், விரல்கள் மயில் தோகையாகும். தீபாவளி வந்தால் அதே கை அகல் விளக்காகி, விரல்கள் சுடராக நிற்கும்.

பெற்றோர்கள் இதை எவ்வளவு விரும்புகிறார்கள் என்பது ஆசிரியைகளுக்குத் தெரியும். மற்ற ஓவியங்கள் சில மாதங்களில் காணாமல் போனாலும், கை பதித்த தாள் அலமாரியில் பத்திரமாக இருக்கும். காரணம் எளிது. கைப்பேசியில் ஆயிரம் படங்கள் இருந்தாலும், ஒரு படமும் பிள்ளையின் கை எவ்வளவு சிறியதாக இருந்தது என்பதை அளந்து காட்டாது. பதித்த கை அளவு மாறாமல் அப்படியே இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து பிள்ளை தன் கையை அதன்மேல் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் மதிப்பு வீட்டில் எல்லோருக்கும் புரியும்.

ஆனால், அந்தக் கை தாளில் எப்படி விழுந்தது என்பதை நாம் கேட்பதில்லை.

வகுப்பில் 15 பிள்ளைகள், கையில் ஒரு மணி நேரம், இணையத்தில் பார்த்த அழகான மாதிரி ஒன்று. இவை மூன்றும் சேர்ந்தால் வேலை தொழிற்சாலை போல் நகரும். ஒருவர் பிள்ளையைப் பிடிக்க, ஒருவர் சாயம் பூச, மூடிய விரல்களைப் பிரித்து அழுத்திவிட்டு அடுத்த பிள்ளையை அழைப்பார்கள். வழிந்த சாயத்தை ஆசிரியை தூரிகையால் சரிசெய்து, கண்ணும் மீசையும் வரைந்து முடிப்பார். 15 வண்ணத்துப்பூச்சிகளும் ஒரே மாதிரி அழகாக இருக்கும். அழுதுகொண்டே கையை இழுத்த இரண்டு வயதுப் பிள்ளைக்கு அன்று கிடைத்த பாடம் வேறு: பெரியவர்கள் நினைத்தால் என் கையைப் பிரித்துப் பிடிக்கலாம், நான் வேண்டாம் என்றாலும் அது கணக்கில் வராது.

கிருஷ்ண ஜெயந்தியன்று நம் வீடுகளில் அரிசிமாவுக் கரைசலில் கைமுட்டியை நனைத்து, வாசலிலிருந்து பூஜையறை வரை கண்ணனின் பிஞ்சுப் பாதங்களைப் பதிக்கிறோம். பெரியவர் கையால் குழந்தையின் பாதம் போடுவது அங்கே பொருத்தம்தான். வகுப்பறைக் குழந்தையோ நம் எதிரே உட்கார்ந்திருக்கிறது. அதன் தடத்தை அதுவே பதிக்கட்டும்.

சரி, எப்படிச் செய்வது?

முதலில் நாள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். தாஸ்கா விதிமுறைப்படி 1 முதல் 3 வயதுக்குட்பட்ட 5 பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் ஒருவரின் கையில் கவனம் வைக்கும்போது மற்ற நால்வர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் போதும். அன்னையர் தினத்துக்கு ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிட்டால் அவசரம் இருக்காது.

சாயத்துக்கு முன் விளையாட்டு வரட்டும். கைதட்டிப் பாடும் பாட்டொன்றைப் பாடி, மேசையில் உள்ளங்கையால் 'டப் டப்' என்று தட்டிப் பழக்குங்கள். தண்ணீரில் கையை நனைத்துக் கறுப்புத் தாளில் பதித்தால் ஈரத் தடம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மறைந்தும் போகும். பிள்ளைகளுக்கு அது ஒரு மாயவித்தை. அந்த விளையாட்டிலேயே கையை விரித்து வைக்கும் பழக்கம் வந்துவிடும்.

தண்ணீரில் கழுவினால் போகும், நச்சற்றது என்று டப்பாவில் குறிப்பிட்ட சாயமே வேண்டும். தூரிகை கூசும் என்பதால் பல பிள்ளைகள் விரலை மடக்கிக்கொள்வார்கள். ஸ்பஞ்சால் மெல்லிசாக ஒற்றுங்கள். சாயம் கெட்டியாக இருந்தால் விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டித் தடம் மங்கும். மணிலா அட்டைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை விரித்தால் உள்ளங்கையின் குழிந்த நடுப்பகுதியும் பதியும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அதுவே கையை வைக்கும்வரை பொறுத்திருங்கள். ஒருமுறைக்கு மூன்று தாள் தயாராக இருக்கட்டும். ஒன்று இழுபட்டால் இன்னொன்று இருக்கிறது.

சாயத்தைத் தொடவே பிடிக்காத பிள்ளைகளும் உண்டு. சிலருக்குத் தோல் அரிப்பு இருக்கும், சிலருக்குப் பிசுபிசுப்பு ஆகாது. அவர்களுக்குத் தாளில் கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரையலாம். அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் கேட்கலாம், அல்லது அந்தப் பிள்ளை கிறுக்கிய தாளையே அட்டையாக்கலாம். அம்மாவுக்கு அதுவும் பொக்கிஷம்தான்.

சுத்தத்தில் கண்டிப்பு தேவை. கை, கால், வாய்ப்புண் நோய் பாலர் பள்ளிகளில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது நமக்குத் தெரியும். எல்லாக் கைகளையும் ஒரே சாயத் தட்டில் முக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனி ஸ்பஞ்சுத் துண்டு, முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கைகழுவல். காய்ச்சலோ கொப்புளமோ உள்ள பிள்ளைக்கு அன்று ஓய்வு.

இரண்டு பொருள்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவு தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது சூடாகும். 2007இல் இங்கிலாந்துப் பள்ளி ஒன்றில் ஓவிய வகுப்பின்போது அதில் கைகளை வைத்த 16 வயது மாணவி கடுமையான தீக்காயத்தால் விரல்களை இழந்தார். எனவே, குழந்தையின் கையை அந்தக் கலவைக்குள் ஒருபோதும் விடக்கூடாது. வார்ப்பு எடுக்க விரும்பினால், களிமண்ணில் கையைப் பதித்து, கையை எடுத்த பிறகு அந்தக் குழியில் ஆசிரியை கலவையை ஊற்றலாம்.

இன்னொன்று உப்பு மாவு. இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணீர் என்று பலரும் பிசைகிறார்கள். சமையலறைப் பொருள்தானே என்று அலட்சியம் வேண்டாம். எதையும் வாயில் வைக்கும் வயதில், அதில் ஒரு துண்டை விழுங்கினாலே உடலில் உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். மேலும், நம் ஊர் ஈரக்காற்றில் உப்பு நீரை இழுத்து, பதக்கம் சில மாதங்களிலேயே இளகிப் பூஞ்சை பிடிக்கும். காற்றில் காயும் களிமண் இதைவிட நல்லது. அதையும் பக்கத்தில் ஆள் இருக்கும்போதே பிள்ளையிடம் கொடுங்கள்.

அட்டை யாருக்கு என்பதையும் யோசிக்க வேண்டும். அம்மா சிங்கப்பூரில் வேலை செய்ய, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் ஜோகூரில் உண்டு. அம்மாவை இழந்த பிள்ளையும் வகுப்பில் இருக்கலாம். 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று 15 அட்டைகளையும் முன்கூட்டியே அச்சடிப்பதற்குப் பதில், வீட்டில் கேட்டு எழுதுங்கள். 'பாட்டிக்கு' என்ற ஒரு சொல் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை அட்டையை வாங்கும் முகத்தில் பார்க்கலாம்.

பின்புறத்தில் பெயர், தேதி, வயது இத்தனை மாதம் என்று குறித்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் சில வருடங்களில் அண்ணன் கை எது, தங்கை கை எது என்றே தெரியாது. ஜனவரியில் ஒருமுறை, அதே தாளில் வேறு நிறத்தில் நவம்பரில் ஒருமுறை பதித்தால் ஓராண்டு வளர்ச்சியை விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையின் அட்டையில் ஒரு விரல் காணாமல் போயிருக்கலாம், பூ நசுங்கிய பப்பாளி போல் இருக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் பக்கத்துப் பிள்ளையின் அட்டையோடு ஒப்பிட வேண்டாம். முழுதாய்க் காய ஒருநாள் விட்டு, பிளாஸ்டிக் உறையில் ஈரம் புகாமல் வையுங்கள். வைப்பதற்கு முன், "கண்ணு, இது எப்படிச் செஞ்சே?" என்று கேளுங்கள். பேச்சு வராத பிள்ளை உள்ளங்கையால் மேசையில் 'டப்' என்று தட்டிக் காட்டினால், அந்தக் கையைப் பதித்தது அதுவேதான் என்று நம்பலாம்.