உயிர்வாழ் சான்று வரவில்லை என்ற காரணத்துக்காக ஓய்வூதியத்தை நிறுத்தும் முறையை மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
1995ஆம் ஆண்டுத் திட்ட ஓய்வூதியர் சங்கம்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
மண்டல வருங்கால வைப்பு நிதி ஆணையர் அவர்கள்,
சொக்கிகுளம், மதுரை.

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மதுரை, அஞ்சல் துறை முதுநிலைக் கண்காணிப்பாளர் அவர்கள், மதுரை.

பொருள்: உயிர்வாழ் சான்று காலாவதியாகும் நாளைத் தமிழில் முன்கூட்டித் தெரிவிப்பது, மூன்று மாத அவகாசம் தருவது, அஞ்சல்காரர் மூலம் வீட்டிலேயே சான்று பெறுவது ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் மாதந்தோறும் பென்ஷன் பெறும் மதுரை நகர, கிராமப்புற முதியோர் சார்பில் இம்மனுவைத் தங்கள் முன் வைக்கிறோம். ஹார்வி மில் என்று ஊரே அழைத்த மதுரா மில்லிலும், அதன் பின் எழுந்த நூற்பாலைகளிலும், மோட்டார் பட்டறைகளிலும், கூட்டுறவு நிறுவனங்களிலும், அச்சகங்களிலும், தனியார் பள்ளிகளிலும் உழைத்து ஓய்ந்தவர்கள் இவர்கள். ஹார்விபட்டி போன்ற தொழிலாளர் குடியிருப்புகளில் சிலர் இன்றும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் வேலை முடிந்ததும் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், பேரையூர், வாடிப்பட்டி வட்டாரங்களில் உள்ள சொந்த ஊருக்கோ, பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கோ போய்விட்டார்கள். தாங்கள் உயிரோடு இருப்பதை ஆண்டுக்கு ஒருமுறை இவர்கள் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கத் தவறினால் அடுத்த மாதமே வங்கிக் கணக்குக்குப் பணம் வருவதில்லை. சான்று வரவில்லை என்றால் அலுவலகத்திடம் ஒரு தகவல் இல்லை என்பதுதான் அதன் பொருள். அந்த இடைவெளியை மரணமாக எண்ணிப் பணத்தை நிறுத்துவதைக் கைவிட வேண்டும், தேடி அறியும் பொறுப்பை அலுவலகம் ஏற்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

ஒரு மாதம் நின்றால் என்ன என்று கேட்பவர்கள் தொகையைப் பார்க்க வேண்டும். ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பது இத்திட்டத்தின் கணக்கு. சம்பள வரம்பு 6,500 ரூபாயாக இருந்த காலத்தில் 15 ஆண்டுப் பணியை முடித்தவருக்கு 6,500ஐ 15ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவது 1,393 ரூபாய். 58 வயதுக்கு முன்பே ஆலை மூடப்பட்டு, முன்கூட்டிப் பென்ஷன் வாங்கியவருக்கு அதிலும் கழிவு உண்டு. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பர் 1 முதல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அரசு ஊழியர்களுக்கு இருப்பதுபோல் இதற்கு அகவிலைப்படி கிடையாது. நாடாளுமன்றத்தின் கோஷியாரி குழு 2013இலேயே குறைந்தபட்சமாக 3,000 ரூபாயைப் பரிந்துரைத்தது. தமிழ்நாடு அரசு தன் முதியோர் உதவித்தொகையை 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தியது. சம்பளத்தின் பேரில் மாதாமாதம் பங்குத்தொகை செலுத்தப்பட்டு வாங்கிய ஓய்வூதியத்தின் தரைமட்டம், எந்தப் பங்களிப்பும் கேட்காத உதவித்தொகையைவிடக் கீழே கிடக்கிறது. தொகையை உயர்த்துவது தங்கள் கையில் இல்லை என்பதை அறிவோம். அதை டெல்லியில் தொடர்ந்து கேட்டு வருகிறோம். இங்கே அதைச் சொல்லக் காரணம் வேறு. ஆயிரம் ரூபாயில் சேமிப்பு என்று ஒன்று இருக்க முடியாது. வருகிற மாதமே செலவாகிற பணம், ஒரு மாதம் வராவிட்டால் அன்றே கடனாகிறது.

முன்பு எல்லாருக்கும் நவம்பர் மாதம் என்று ஒரே விதி இருந்தது. வங்கியிலும் பி.எப். ஆபீசிலும் கூட்டம் மொய்த்தது. அதைத் தவிர்க்க, ஆண்டில் எந்த மாதத்திலும் சான்று தரலாம், தந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்கு அது செல்லும் என்று விதி மாற்றப்பட்டது. நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றம்தான், நாங்களும் வரவேற்றோம். ஆனால் நவம்பர் என்பது தீபாவளியை ஒட்டி வரும் மாதம், தெருவில் ஒருவர் போனால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நினைவு வரும். இப்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனி நாள். ஓர் ஆண்டு மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு ஆகஸ்டில் சான்று தந்தவருக்கு அடுத்த ஆகஸ்டே கெடு. அவரோ பழைய பழக்கத்தில் நவம்பர் வரட்டும் என்று காத்திருப்பார். செப்டம்பரில் பணம் வராதபோதுதான் விஷயம் தெரிய வரும். அந்த நாளை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப்படுகிறது. ஓய்வூதிய ஆணை (பி.பி.ஓ.) எண்ணைப் போட்டு இணையத்தில் பார்க்கத் தெரிந்த முதியவருக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. தெரியாதவருக்காகவே விதி இருக்க வேண்டும். ஊரே சேர்ந்து நினைவில் வைத்திருந்த ஒரு நாளைத் தனி மனிதரின் நினைவுக்கு மாற்றியபோது, அந்த நினைவூட்டும் வேலையையும் அலுவலகம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கெடு முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பும், 15 நாட்களுக்கு முன்பும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பவும், கைப்பேசி எண் பதியாதவர்களுக்கு அஞ்சலட்டை அனுப்பவும் வேண்டுகிறோம்.

சான்று தரும் வழிகள் பெருகிவிட்டன என்பதை மறுக்கவில்லை. 2014 நவம்பரில் ஜீவன் பிரமான் என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்று வந்தது. விரல் ரேகையை வைத்து வங்கியிலோ பொதுச் சேவை மையத்திலோ முடித்துக்கொள்ளலாம். 2022இல் வைப்பு நிதி அமைப்பும் முக அடையாள முறையைக் கொண்டுவந்தது. ஆனால் நாற்பது ஆண்டு நூலோடும் சாயத்தோடும் இரும்போடும் பழகிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கிறது. கருவியில் கையை வைத்து, துடைத்து, மறுபடி வைத்து, 'ரேகை விழலை' என்ற பதிலோடு திரும்புவது இவர்களுக்குப் புதிதல்ல. முக அடையாளத்துக்கு நல்ல ஆண்ட்ராய்டு போனும், அதை இயக்கத் தெரிந்த ஒருவரும், சிக்னலும் வேண்டும். பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்க, வீட்டில் இரண்டு முதியவர்கள் மட்டும் இருக்கும் கிராமத்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் கூடுவது அரிது. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு சுமார் 40 கிலோமீட்டர். நடக்க இயலாதவர் தனியாக வர முடியாது. உடன் வருபவரின் ஒரு நாள் கூலியும் போகும், அரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோவும் பிடிக்க வேண்டும்.

இதற்கு ஒரு விடை ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. 2025 நவம்பரில் வைப்பு நிதி அமைப்பு இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியோடு ஒப்பந்தம் செய்து, அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து டிஜிட்டல் உயிர்வாழ் சான்று எடுப்பதற்கான 50 ரூபாய்க் கட்டணத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல செய்தி அது. தபால்காரருக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் ஒப்பந்தம் உதவியாக மாற வேண்டுமானால் முதியவர் அதைக் கேட்டுப் பெற வேண்டியதாக இருக்கக் கூடாது. காலாவதி நெருங்கும் ஓய்வூதியர் பட்டியலை மாதந்தோறும் தங்கள் அலுவலகம் அஞ்சல் துறைக்கு அனுப்பட்டும். கிளை அஞ்சலக வாரியாக அது பிரிக்கப்பட்டு, அஞ்சல்காரர் தம் வழக்கமான சுற்றிலேயே அந்த வீடுகளுக்குப் போகட்டும். விரலும் முகமும் பதியாதவர்களிடம் பழைய காகிதச் சான்றை மறுக்காமல் பெறும்படி வங்கிக் கிளைகளுக்கும் எழுத்துப்பூர்வமாக அறிவுறுத்த வேண்டும். ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி வைப்பு நிதி அமைப்பு நடத்தும் 'நிதி ஆப்கே நிகட்' குறைதீர் முகாமை உசிலம்பட்டி, மேலூர், பேரையூர் என்று சுற்றி நடத்தினால் எஞ்சியவர்களும் வந்து சேர்வார்கள்.

வெளிநாட்டு நடைமுறை ஒன்றையும் இங்கே பார்ப்பது பயனுள்ளது. தாய்லாந்தில் குடியேறி வாழும் பிரிட்டிஷ் ஓய்வூதியர்களுக்கும் எங்களைப் போன்ற குறை உண்டு. அங்கே போனவுடன் அவர்களுடைய அரசு ஓய்வூதியம் உறைந்துவிடுகிறது. பிலிப்பைன்ஸில் வாழ்பவருக்கு ஆண்டுதோறும் உயரும் தொகை, தாய்லாந்தில் வாழ்பவருக்கு உயராது. இந்தியாவும் அந்த உயராத பட்டியலில்தான் இருக்கிறது. 2016இல் வாரம் 155.65 பவுண்டு முழு ஓய்வூதியத்தோடு அங்கே குடியேறியவருக்கு இன்றும் அதே தொகைதான். பிரிட்டனில் இருந்திருந்தால் 2025இல் 230.25 பவுண்டு கிடைத்திருக்கும். அந்த நியாயமற்ற முறையை எவரும் பின்பற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் சான்று கேட்கும் விதத்தில் கவனிக்க ஒன்று இருக்கிறது. கடல் கடந்து வாழும் ஓய்வூதியருக்கு பிரிட்டனின் ஓய்வூதியத் துறை உயிர்வாழ் படிவத்தை வீட்டு முகவரிக்கே அனுப்புகிறது. சாட்சி ஒருவரின் கையெழுத்தோடு திருப்பி அனுப்பினால் போதும். தாய்லாந்தின் குடிவரவுத் துறை, அந்நியரான அவர் 90 நாட்களுக்கு ஒருமுறை தம் முகவரியை அறிவிக்க வேண்டும் என்று கேட்கிறது. அதையும் அஞ்சலில் அனுப்பலாம், வேறொருவரிடம் கொடுத்தும் விடலாம். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வாழும் தம் குடிமக்களிடம் ஓர் அரசு முதலில் கேள்வியை அனுப்புகிறது. நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருப்பவரிடம் கேட்காமலே பணத்தை நிறுத்தும் முறைக்கு நியாயம் சொல்ல முடியவில்லை.

இறந்தவர் பெயரில் பணம் போய்க்கொண்டே இருக்கும், பொதுப் பணம் வீணாகும் என்பது வலுவான ஆட்சேபம். அதை நாங்கள் ஒதுக்கவில்லை; அந்த நிதி எங்கள் உழைப்பில் சேர்ந்தது, அதன் ஓட்டை எங்களுக்கும் நட்டம். ஆனால் இறப்பைக் கண்டறிய நேரடி வழிகள் இருக்கின்றன. இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். 2023இல் திருத்தப்பட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், அந்தப் பதிவுகளைத் தேசியத் தரவுத்தளமாக்கி மற்ற துறைகளின் தரவுத்தளங்களோடு பகிரவும் வழி செய்துள்ளது. மாநகராட்சியும் ஊராட்சிகளும் பதியும் இறப்புகளை ஓய்வூதியர் பட்டியலோடு ஒப்பிட்டால், சான்று வராததை வைத்து ஊகிப்பதைவிட விரைவாகவும் சரியாகவும் தெரிந்துவிடும். அதற்கும் மேலாக இத்திட்டத்திலேயே ஒரு காவல் இருக்கிறது. ஓய்வூதியர் இறந்தால் துணைவருக்கு அவருடைய ஓய்வூதியத்தில் பாதி உண்டு, அதற்கும் 1,000 ரூபாய் குறைந்தபட்சம் உண்டு. தமக்குரிய பென்ஷன் தொடங்க வேண்டும் என்பதற்காக விதவையே இறப்புச் சான்றோடு வருகிறார். துணை இல்லாமல் தனித்து வாழ்ந்து மறைந்தவர் விஷயத்தில் சில மாதங்கள் தொகை கூடுதலாகப் போகலாம். அந்தச் சிறு நட்டத்தையும், உயிரோடிருக்கும் ஒருவர் மாத்திரை வாங்க முடியாமல் நிற்பதையும் ஒரே தராசில் வைக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பிறகு சான்று தந்தால் நிலுவை முழுவதும் வந்துவிடுகிறதே, இழப்பு எங்கே என்றும் கேட்கப்படுகிறது. நிலுவை வருவது உண்மை. இடைப்பட்ட மாதத்துக்கு வாடகையும் பாலும் மருந்துக் கடைப் பாக்கியும் காத்திருப்பதில்லை. கைமாற்று கிடைக்காதபோது வட்டிக்கு வாங்குகிறார்கள். கந்து வட்டிக்கு எதிராக இம்மாநிலம் 2003இலேயே சட்டம் இயற்ற வேண்டி வந்தது. அந்த வட்டி எப்படி ஏறும் என்று மதுரையில் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலுவைத் தொகையில் அந்த வட்டி சேர்ந்து வருவதில்லை.

விதி டெல்லியில் எழுதப்படுகிறது, மண்டல அலுவலகம் என்ன செய்ய முடியும் என்ற பதிலை எதிர்பார்க்கிறோம். அதில் பாதிதான் சரி. தமிழில் முன்னறிவிப்பு, அஞ்சல் துறைக்கு மாதப் பட்டியல், வட்டார முகாம், காகிதச் சான்றுக்கான அறிவுறுத்தல் ஆகியவற்றுக்கு இங்கேயே முடிவெடுக்கலாம். காலாவதியான பின்பும் மூன்று மாதங்கள் ஓய்வூதியத்தைத் தொடர்ந்து வழங்கி, அந்த அவகாசத்துக்குள் அஞ்சல்காரர் நேரில் பார்த்து அறிக்கை தந்த பிறகே நிறுத்துவது என்பதற்கு மட்டும் மத்திய அறங்காவலர் வாரியத்தின் ஒப்புதல் தேவைப்படலாம். அந்தப் பரிந்துரையைத் தங்கள் கருத்துரையோடு மேலே அனுப்பி, அதன் நகலை எங்களுக்கும் தர வேண்டுகிறோம்.

மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், இறப்புப் பதிவுத் தகவலை மாதம் ஒருமுறை வைப்பு நிதி அலுவலகத்தோடு பகிர்வதற்கு உள்ளாட்சிகளுக்கு ஆணையிடுமாறும், மூன்று அலுவலகங்களும் சங்கமும் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றை 30 நாட்களுக்குள் கூட்டுமாறும் வேண்டுகிறோம். அந்தக் கூட்டத்துக்கு, கடந்த ஓராண்டில் சான்றின்மையால் நிறுத்தப்பட்டு, பிறகு நிலுவையோடு மீண்டும் தொடங்கப்பட்ட ஓய்வூதியங்கள் எத்தனை என்ற கணக்கை ஆணையர் அலுவலகம் கொண்டுவர வேண்டும். உயிரோடிருந்தும் பணம் மறுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை அதுதான்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்
மதுரை