உருவும் இனமும்

இம்மலரைப் புரட்டும் பழைய மாணவருட் பலர் இன்று கணினித் துறையிலே தொழில் புரிகின்றனர். அவர்தம் துறையிலே தமிழாசிரியன் ஒருவன் கருத்துரைப்பது மிகையெனத் தோன்றலாம். ஆயினும் விடயம் இலக்கணத்தோடு உறவுடையது.

மாலையிருளில் தொலைவிலே ஒன்று தோன்றுகின்றது. மகனோ கட்டையோ தெரியவில்லை. திணை ஐயுற்றவிடத்து 'உருவு' எனப் பொதுவாற் கூறலாம் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் காட்டும் நெறி. கட்டையும் மகனும் உரையாசிரியர் தந்த உதாரணம். ஜாவா மொழியிலும் எப்பொருளையும் 'ஒப்ஜெக்ற்' என்னும் பொதுப்பெயரால் ஏற்கலாம். பின், 'நீ எவ்வகுப்பினை? நின்பால் உள்ள புலங்கள் யாவை? செயல்கள் யாவை?' எனச் செய்நிரல் ஓடும்போதே வினவியறிதல் 'றிஃப்ளெக்சன்' எனப்படும். இதனைப் 'பிரதிபலிப்பு' என்பார் கண்ணாடியையே நினைந்தார் போலும். 'தன்னாய்வு' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகின்றது. ஜாவா இவ்வசதியை விரிவாகப் பெற்றது 1997 இல் வெளியான 1.1 ஆம் பதிப்பிலே. ஸ்மோல்ரோக் மொழிக்கோ அது முன்பே இயல்பு.

இதனாற் பயனில்லை என்பேனல்லேன். ஜேயூனிற் என்னும் சோதனைக் கருவி, தன் முற்பதிப்புக்களிலே, 'ரெஸ்ற்' என்று தொடங்கும் பெயருடைய செயல்களைத் தானே தேடியெடுத்து இயக்கிற்று. முன்பின் கண்டிராத வகுப்புக்களைக் கையாளும் கருவி வினவாமல் வேறென்செய்யும்?

ஆனால் தாமே எழுதிய வகுப்புக்களிடமும் அடிக்கடி இனம் வினவும் வழக்கத்தை நான் ஒப்பேன். வட்டத்தின் பரப்பையும் சதுரத்தின் பரப்பையும் காணவேண்டின், 'நீ வட்டமா, சதுரமா?' என்று கேட்டுப் பிரிப்பானேன்? 'உன் பரப்பைத் தா' என ஏவினால் ஒவ்வொன்றும் தன் முறையாற் கணித்துத் தரும். பொருள்நோக்கு முறையின் உயிர்நிலை அதுவேயன்றோ! மேலும், செயலின் பெயரை வெறும் எழுத்துச் சரமாகக் கொடுத்துத் தேடுங்கால், ஓரெழுத்துப் பிழைத்தாலும் தொகுப்பான் அதனைக் காணாது. வழுவைத் திருத்தவேண்டிய ஆசிரியன் உறங்க, பிழை பயன்படுத்துவோர் முன்னிலையிலே வெளிப்படும்.

அந்தரங்கமெனக் குறித்த புலங்களையும் 'செற் அக்செசிபிள்' என்னும் ஏவலால் திறந்து மாற்றலாம் என்பது அதனினும் கொடிது. பிறர் பெட்டியைத் திறந்து பழகியோர் பலராயினர். 2017 இல் வந்த ஒன்பதாம் பதிப்பு இதற்கு வரம்பு கட்டத் தொடங்கிற்று. 2021 இல் வந்த பதினேழாம் பதிப்பு மொழியின் சொந்த உள்ளறைகளைப் பெரும்பாலும் அடைத்தது. அடைத்தது முறையே என்பேன். அவ்வறைகளை நம்பிக் கட்டிய பழைய செய்நிரல்கள் சில இயங்காது நின்றன. அவற்றைத் திருத்தியெழுத ஆன உழைப்பும் சிறிதன்று.