பிரேக் ஆயிலுக்கும் வயது உண்டு

மழைக்காலம் கழிந்தது. தீபாவளிக்குக் காரிலேயே ஊர் செல்ல ஆயத்தமாகும் மும்பை அன்பர்கள் டயரையும் எஞ்சின் ஆயிலையும் தவறாது பார்க்கிறார்கள். பிரேக் ஆயிலை நினைப்பவர் சிலரே. "வண்டி அதிகம் ஓடவில்லையே, ஏன் மாற்றவேண்டும்?" என்பதே பலர் கேட்கும் கேள்வி.

பெயர் ஆயில் என்றாலும், பெரும்பாலான கார்களில் உள்ள அத்திரவம் எண்ணெய் அன்று. கிளைக்கால் இனத்தைச் சேர்ந்த அதற்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. அடைமழையில் உப்பு ஜாடி கசிவதை இல்லந்தோறும் காண்கிறோம். அவ்வாறே ரப்பர்க் குழாய்களின் ஊடே ஈரம் சிறிது சிறிதாக உட்புகும்; நிறுத்தி வைத்த வண்டியிலும் புகும். ஆதலின் கிலோமீட்டரை மட்டும் எண்ணுதல் போதாது, மாதங்களையும் எண்ணவேண்டும்.

இதனால் விளையும் தீங்கு யாது? டாட் 4 வகைத் திரவம் புதிதாயிருக்கையில் 230 டிகிரி செல்ஷியஸ் வரையேனும் கொதிக்கலாகாது என்பது விதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அவ்வெல்லை 155 டிகிரி மட்டுமே. கண்டாலாவிலிருந்து கோப்போலிக்கு மலைச்சரிவில் இறங்கும்போது, இடைவிடாது பிரேக்கை மிதித்தால் சூடு மிகும். பழைய திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றும். ஆவி அழுந்தும், ஆகவே மிதித்த விசை சக்கரத்தை எட்டாது, பெடல் தளர்ந்து உள்ளே போகும். குடும்பமே வண்டியில் இருக்க, அத்தகைய கணம் எவருக்கும் நேரலாகாது.

பல கார்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுதல் முறை. உங்கள் வண்டிக்குரிய காலத்தையும் வகையையும் கையேட்டில் காண்க. நிறத்தை மட்டும் கண்டு முடிவு செய்யற்க. மட்டம் குறைந்திருப்பின் மேலே ஊற்றி அமைதி அடையாதீர்கள். பிரேக் பேடு தேய்ந்திருக்கலாம், அல்லது கசிவு இருக்கலாம்.

மாற்றும் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுக. தொட்டியில் மட்டும் மாற்றினால் போதாது. நான்கு சக்கரங்களிலும் பழையது வெளியேறி, குமிழின்றிப் புதியது வரவேண்டும். அதுவரை தொட்டி வற்றினால் காற்று புகுந்துவிடும். முத்திரை உடையாத புதிய புட்டியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். என்றோ திறந்த மிச்சம் வேண்டாம். வண்ணப்பூச்சில் சிந்தினால் உடனே நீரூற்றிக் கழுவுக.

முடிந்ததும் தேதியைக் கையேட்டில் குறித்து வையுங்கள். சரிவில் தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள். நலமே சென்று நலமே திரும்புவீர்களாக!