திறவாப் பெட்டியும் தேயிலை மலையும்

ஹற்றன் கடைவீதியிலும், நுவரெலியாவின் ஏப்ரல் மாத வசந்தகாலக் கடைகளிலும் யப்பானிய இயந்திர வீரர்களின் மலிவுப் போலிகள் தொங்குகின்றன. கையை மடக்கலாம், காலை நீட்டலாம், வாளை ஏந்தச் செய்யலாம். இவற்றைக் கண்டவுடனே "பண்பாடு பாழாகிறது" என்று கூப்பாடு போடும் பெரியோர் நம்மிடையே உளர். பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டால் பண்பாடு பிழைத்துவிடும் என்பது அவர்களது சித்தாந்தம். இதனை நாம் மறுக்கிறோம். பொம்மையை ஆட்டுவிக்கும் வாணிபத்தை விட்டுவிட்டுப் பொம்மையோடு மல்லுக்கு நிற்பது பேதைமை.

வரலாற்றைப் பார்ப்போம். 1979 இல் யொஷியுகி தொமினோ என்னும் இயக்குநர் 'மொபைல் சூட் கண்டாம்' என்ற சித்திரத் தொடரைப் படைத்தார். மனிதகுலத்தின் பாதியை விழுங்கிய போர்; இயந்திரத்தினுள் அமர்த்தப்பட்டுப் போரிடும் பதினைந்து வயதுச் சிறுவன்; பகைவரிடத்தும் மனிதரைக் காணும் பார்வை. சிந்திக்க வைக்கும் கலைதான். ஆனால் அதற்குப் பணமளித்த குளோவர் என்னும் பொம்மை நிறுவனத்துக்குக் கதை ஒரு பொருட்டன்று. பொம்மை விலைபோகவில்லை, ஆகவே 52 பகுதிகளாகத் திட்டமிட்ட தொடர் 43 உடன் நிறுத்தப்பட்டது. படைப்பாளியின் எழுதுகோல் விற்பனைக் கணக்கனின் கையில் இருந்தது!

பின்னர் நடந்தது இன்னும் விசித்திரம். 1980 இல் பண்டாய் நிறுவனம் அதே இயந்திரங்களைப் பிளாஸ்ரிக் மாதிரிகளாக விற்கத் தொடங்கியது. 1982 ஜனவரியில் சிபா மாகாணத்துக் கடையொன்றில் இவற்றை வாங்க முண்டியடித்த சிறுவர்கள் நெரிசலில் காயமுற்றனர். இன்றுவரை 50 கோடிக்கு மேல் விற்றாயிற்று. போரின் கொடுமையைச் சொன்ன கதை, போர்க்கருவியின் அழகை விற்கும் விளம்பரமாயிற்று.

சேகரிப்போரின் உலகத்துக்கு வாருங்கள். அங்கே திறக்கப்படாத பெட்டிக்கே அதிக விலை. எத்தனை மூட்டுகள் இருந்தென்ன? அவை அசையக் கூடாது. விளையாடினால் விலை விழுந்துவிடும்! பயன்மதிப்பைச் சாகடித்துப் பரிவர்த்தனை மதிப்பு உயிர்வாழ்கிறது. பொருளியல் வகுப்பில் இதைவிடத் தெளிவான உதாரணத்தை எந்த ஆசிரியரால் காட்ட முடியும்?

இந்தப் பெட்டி மலையகத்துக்குப் புதிதன்று. பண்டாயின் தொழிற்சாலை நிற்கும் ஷிசுவோகா, யப்பானின் புகழ்பெற்ற தேயிலை மண். நம் மண்ணும் தேயிலை மண்ணே. இங்கும் உழைப்பு பெட்டிக்குள் அடைபட்டுக் கடல் கடக்கிறது. உயர்தரத் தேயிலை ஏற்றுமதிக்கு, தூள் லயத்துக்கு. அசைந்துகொண்டேயிருக்கும் மூட்டுகள் கொழுந்து பறிக்கும் நம் தாய்மாரின் விரல்கள். நிறை குறைந்தால் அரைப்பெயர். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் குரல் எழுப்பினர். 2021 இல்தான் அது கிட்டியது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கூலியிலிருந்து பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கும் தாயை நோக்கிப் "பண்பாடு" பேச நமக்கு என்ன உரிமை?

நம் பிள்ளைகள் தேய்ந்த செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லாக்குகிறார்கள். தகரப் பேணியை லொறியாக்குகிறார்கள். பொம்மை செய்யும் ஆற்றல் அவர்களிடம் உண்டு. இல்லாதது, அதற்கான மேசையும் கருவியும் ஓய்வும் இடமும். ஒற்றைக் காம்பிராவில் குடும்பமே முடங்கும்போது விளையாட்டு எங்கே விரியும்?

ஆசிரிய நண்பர்களே, பொம்மையைப் பறிமுதல் செய்யாதீர்கள். அதன் பின்னுள்ள கதையை மாணவருக்குச் சொல்லுங்கள்; அதைச் செய்தவர் யார், விற்றவர் யார், இலாபம் எவருக்கு என்று கேட்கப் பழக்குங்கள். ஒவ்வொரு பிள்ளை மடுவத்துக்கும் விளையாட்டுப் பொருள்களும், ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் கைவினைக் கூடமும் வேண்டுமென்று பெற்றோருடன் சேர்ந்து கோருவோம். கேள்வி கேட்கவும் கருவி பிடிக்கவும் கற்ற பிள்ளையை எந்த வணிகனும் ஆட்டிவைக்க முடியாது.